வெள்ளரி விதையின் வெளிநாட்டுப் பயணம்

இந்த முறை பரீட்சைக்கு வராத வரலாறு. அசோகரும் இல்லை, அக்பரும் இல்லை. வெள்ளரிக்காய்!

போன மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து தொட்டிகளில் வெள்ளரி போட்டேன். பாக்கெட் விதை. கொடி நன்றாகத்தான் ஏறியது. பிஞ்சு பிடிக்கும் நேரத்தில் இலைகளில் கட்டம் கட்டமாக மஞ்சள் புள்ளிகள். ஒரு கடையில் "சாம்பல் நோய்" என்று சொல்லி கந்தகத் தூள் கொடுத்தார்கள். தூவினேன். பத்தே நாளில் மூன்று கொடி காய்ந்து போனது. "காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவுல இருக்கோம், இந்தப் பனியை எந்தக் கொடிடா தாங்கும்?" என்றாள் பாட்டி. பாட்டி சொன்னதுதான் சரி என்று பிறகு படித்தபோது புரிந்தது.

வந்தது அடிச்சாம்பல் நோய். பெயர் ஒன்று போல இருந்தாலும் சாம்பல் நோய் வேறு, இது வேறு. சாம்பல் நோயில் இலையின் மேல் பக்கம் மாவு தூவினது போல வெள்ளையாக இருக்கும். அதற்குக் கந்தகம் கேட்கும். அடிச்சாம்பலில் மஞ்சள் புள்ளி நரம்புகளுக்கு நடுவே கோணலாக நிற்கும். விடிகாலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறப் பூஞ்சணம் தெரியும். இதற்குக் கந்தகம் பயன்படாது. இலை ஈரமாக இருந்தால்தான் இது பரவும். நான் தினமும் சாயங்காலம் இலை மேலேயே தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்!

இனி வரலாறு. வெள்ளரியின் காட்டு மூதாதை இமயமலை அடிவாரத்தைச் சேர்ந்தது. சுமார் 3000 ஆண்டுகளாக இந்தியாவில் பயிராகிறது. ஆனால் இந்த நோய்க்கிருமிக்குப் பெயர் வைத்தது கியூபாவில் கிடைத்த மாதிரியைப் பார்த்து, 1868-ல். அதனால்தான் அதன் பெயரில் 'கியூபென்சிஸ்' என்று இருக்கிறது. 1889-ல் அமெரிக்காவிலும் கண்டுபிடிக்கப்பட்டது. 1885-ல் பிரான்சில் மில்லார்டே என்பவர் திராட்சையின் இதே வகை நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிவித்திருந்தார். அதிலிருந்து இந்த வகை நோய்களுக்குத் தாமிர மருந்து அடிக்கும் வழக்கம் பரவியது.

மருந்து அடிக்காமலே தாங்கும் செடி வேண்டும் என்று அமெரிக்கர்கள் தேடியபோது கைகொடுத்தது எது தெரியுமா? இந்தியாவிலிருந்து போன ஒரு வெள்ளரி! அவர்களுடைய விதைச் சேமிப்பில் அதன் எண் பி.ஐ. 197087. பெயர் கூட இல்லை, வெறும் எண். அதன் எதிர்ப்பு சக்தியைச் சேர்த்து தென் கரோலினாவில் 1966-ல் 'பாயின்செட்' என்ற ரகம் வந்தது. அதே பாயின்செட் இந்தியாவுக்கும் வந்து இன்றும் பாக்கெட்டில் விற்கிறது. நான் போட்டதும் அதுதான்.

அப்படியானால் என் கொடி ஏன் செத்தது? முழுக் காரணமும் அதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் 2004-ல் நடந்ததைக் கேளுங்கள். அந்த வருடம் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் புது வகைக் கிருமி பரவியது. பல வருடங்களாகத் தாங்கி நின்ற ரகங்கள் அதன் முன் நிற்கவில்லை. வட கரோலினா விவசாயிகளுக்குப் பெரிய நஷ்டம். ஒரே மூலத்திலிருந்து வந்த எதிர்ப்பை இத்தனை ரகங்கள் நம்பியிருந்ததுதான் வினையானது. விஞ்ஞானிகள் மறுபடியும் பழைய விதைகளைத் தேடினார்கள். அப்போதும் இந்திய வெள்ளரிகள் முக்கியமாக இருந்தன.

கோடையில் அம்மா மண்டபம் பக்கம் மிளகாய்ப்பொடி தூவி விற்கும் வெள்ளரிப் பிஞ்சை நாம் சும்மா கடித்துவிட்டுப் போகிறோம். நம் நாட்டு ரகங்களில் எதற்குள் என்ன சக்தி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? யாரும் விதை எடுத்து வைக்காவிட்டால் அது அத்தோடு போச்சு.

அதனால் இந்த முறை இரண்டு தொட்டியில் பாக்கெட் விதை, மூன்றில் லால்குடி மாமா கொடுத்த நாட்டு விதை. தண்ணீர் காலையில், வேரில் மட்டும். கொடியைக் கயிற்றில் ஏற்றிக் காற்றோட்டம் விட்டிருக்கிறேன். புள்ளி விழுந்த இலையை உடனே கிள்ளிவிடுகிறேன். சிவப்பு வண்டைக் காலையில் கையாலேயே பிடிக்கிறேன், அசுவினிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரு நல்ல காயைப் பறிக்காமல் கொடியிலேயே பழுக்க விடப் போகிறேன், விதைக்கு. பாட்டி இப்போதே பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் காய வைத்துவிட்டாள்.

உங்கள் வீட்டில் யாராவது நாட்டு வெள்ளரி விதை வைத்திருந்தால் நாலு விதை கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள் நண்பர்களே!