விளையாட்டுப் பெட்டியும் விளையாட்டுத் துணையும்

எந்தப் பெட்டி சிறந்தது? சோனியின் பிளேஸ்டேஷனா, மைக்ரோசொப்டின் எக்ஸ்பொக்ஸா, நின்டெண்டோவின் ஸ்விட்ச்சா? மட்டக்களப்புப் பாடசாலை மாணவன் ஒருவன் இன்று இக்கேள்வியைத் தன் ஆசிரியரிடம் கேட்டால் அதில் வியப்பில்லை. விற்பனையாளரிடம் கேட்டால் உடனே ஓர் அட்டவணையை நீட்டுவார். 2020 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எக்ஸ் விநாடிக்குப் பன்னிரண்டு இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யும். அதே மாதத்தில் வந்த பிளேஸ்டேஷன் 5, பத்து இலட்சம் கோடிக்குச் சற்று மேல். முன்னதன் சேமிப்பு ஆயிரம் கிகாபைட், பின்னதன் சேமிப்பு 825. இரண்டிற்கும் நினைவகம் பதினாறு கிகாபைட்.

எண்கள் மெய்யானவையே. ஆயினும், அளவுகோலைத் தேர்ந்தவன் விற்பவன் என்பதை நாம் மறந்துவிடலாகாது. பண்டத்தை வாங்குகின்றவனும், வாங்க இயலாது பார்த்துக்கொண்டு நிற்பவனும் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டியவர்களாயிருக்கின்றனர். அக்கேள்விகள் எவை என்பதைச் சரித்திரம்தான் நமக்குக் கற்பிக்கும். அதிலும் முதலில் நம்முடைய வாவிக்கரையின் சரித்திரம்.

வாவியின் இரு மருங்கிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கண்ணகி வழிபாட்டோடு பிணைந்து வந்த விளையாட்டு கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரு கட்சியாகப் பிரியும். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றவர் தோற்றவரை வசைப்பாட்டால் வறுத்தெடுப்பர். மழை பொய்த்த காலத்திலும் கொள்ளை நோய் பரவிய காலத்திலும் அம்மனின் சினந்தணிக்க இதனை ஆடினர். சிங்கள மக்களிடையே பத்தினித் தெய்வத்தின் பெயரால் நடைபெற்று வந்த ‘அங்கெலிய’ இதன் உடன்பிறப்பு. அங்கும் இரு கட்சி. அங்கும் கொளுவிய கொம்பு. இவ்விரு மக்களுக்கும் பொதுவானது ஒன்றுமேயில்லை என்று மேடைதோறும் முழங்கியவர்கள், பாவம், இந்தக் கொம்புகளைப் பார்த்ததில்லை போலும்!

பழைமைக்குத் தீபாராதனை காட்டும் நோக்கம் நமக்கில்லை. கோயில் மரியாதையில் குடிக்கொரு வரிசையும் சாதிக்கொரு தூரமும் வகுத்திருந்த சமுதாயமே அந்த விளையாட்டையும் நடத்தியது. ஆனால் அதில் இரண்டு உண்மைகள் உள்ளன. கொம்பு எவருடைய தனிச்சொத்துமன்று. எதிர்ச்சேரி இல்லாமல் ஆட்டமுமில்லை. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டு பெட்டியின் கதைக்குச் செல்வோம்.

மின்திரை விளையாட்டு போர்ச் செலவின் மிச்சத்தில் பிறந்த குழந்தை. 1962இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் ஒரு கணினித் திரையில் இரு விண்கலங்களை மோதவிட்டு மகிழ்ந்தனர். நான்காண்டு கழித்து ரால்ஃப் பேர் என்ற பொறியியலாளர், வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் விளையாடினால் என்ன என்ற எண்ணத்தை நான்கு பக்கத்தில் எழுதிவைத்தார். 1938இல் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பியோடிய யூதக் குடும்பம் அவருடையது. அவர் வேலை செய்த சாண்டர்ஸ் கம்பனியோ இராணுவ ஒப்பந்தக் கம்பனி. 1972இல் மக்னவொக்ஸ் நிறுவனம் அவருடைய கருவியை ‘ஒடிசி’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

ஒடிசிக்கு ஓசை கிடையாது. வென்றவன் யார், தோற்றவன் யார் என்று கணக்கு வைக்கவும் அதற்குத் தெரியாது. திரையில் சில வெண்சதுரங்கள் நகரும். அவற்றின் மேல் ஒட்டிக்கொள்ள வண்ணப் படலங்கள். கூடவே பகடைக் காய்களும் சீட்டுகளும் விளையாட்டுக் காசும் பெட்டிக்குள் இருந்தன. இன்றைய மாணவன் சிரிப்பான். ஆனால் அதன் மேசைப்பந்தாட்டத்தில் யந்திரம் எதிராளியாக ஆடாது. பக்கத்தில் இன்னொரு மனிதன் அமர்ந்தே தீரவேண்டும். பெட்டியோடு இரண்டு கைப்பிடிகள் வந்தன. ஆம், வடசேரிக்கு ஒன்று, தென்சேரிக்கு ஒன்று!

அந்த 1972இல் இலங்கையில் தொலைக்காட்சியே கிடையாது. முதல் ஒளிபரப்பு 1979 ஏப்ரலில்தான், ரூபவாஹினி 1982இல். பின்தங்கிய நாட்டின் கால அட்டவணை இப்படித்தான் இருக்கும்.

1976இல் ஒரு முக்கியமான திருப்பம். ஃபெயார்சைல்ட் நிறுவனம் வெளியிட்ட பெட்டியில் விளையாட்டு தனியானதொரு கசெட்டில் வந்தது. பெட்டி ஒன்று, கசெட்டுகள் பல. இதனை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜெரி லோசன், அன்றைய அமெரிக்க மின்னணுத் தொழிலில் விரல்விட்டு எண்ணத்தக்க கறுப்பினப் பொறியியலாளருள் ஒருவர். வியாபாரி இதில் கண்டது புதுப்புதுக் கசெட் விற்கும் வாய்ப்பு. விளையாடுகின்றவன் கண்டது வேறு: கசெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், இரவல் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். விளையாட்டு மீண்டும் தெருவுக்கு வந்தது.

1977இல் வந்த அட்டாரி அந்த வழியிலேயே பெரும் செல்வம் ஈட்டியது. அதன் நினைவகம் 128 பைட். இன்றைய பிளேஸ்டேஷனுக்கு அதைப்போலப் பதின்மூன்று கோடி மடங்குக்கும் மேல். அந்த 128 பைட்டுக்குள் உலகங்களைப் படைத்த உழைப்பாளிகளின் பெயரை அட்டாரி கசெட்டின் மேல் அச்சிட மறுத்தது. 1979இல் அவர்களுள் நால்வர் வெளியேறி ‘அக்டிவிஷன்’ என்ற தனி நிறுவனம் கண்டனர். 1983இல் சந்தை சரிந்தது. தேங்கிக் கிடந்த கசெட்டுகளை நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமகோர்டோவில் குழிதோண்டிப் புதைத்தனர். 2014இல் அவற்றைத் தோண்டியெடுத்தும் பார்த்தனர். விலை விழுந்ததென்று 1930களில் பிரேசிலில் காப்பிக்கொட்டையைக் கொளுத்திய அதே பொருளாதாரம்தான் இது.

1983 ஜூலை 15ஆம் நாள் ஜப்பானில் நின்டெண்டோவின் ‘ஃபமிகொம்’ வெளிவந்தது. அதே ஜூலையின் இறுதி வாரத்தில் இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. அதன்பின் 2009 வரை போர். உலகக் குழந்தைகள் நான்கைந்து தலைமுறைப் பெட்டிகளை மாற்றி விளையாடிய இருபத்தாறு ஆண்டுகள் இவை; படுவான்கரைக் கிராமங்கள் பலவற்றுக்கு மின்கம்பியே போர் ஓய்ந்த பின்னர்தான் எட்டியது.

ஃபமிகொம்மிலும் இரண்டு கைப்பிடிகள், பெட்டியோடே பிணைத்தவை. ஆனால் 1985இல் அது அமெரிக்காவுக்குச் சென்றபோது உள்ளே ஒரு பூட்டும் சேர்ந்தது. நின்டெண்டோவின் அனுமதிச் சில்லு இல்லாத கசெட்டை அப்பெட்டி ஏற்காது. அனுமதி பெற்ற வெளியீட்டாளரும் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டு மட்டுமே வெளியிடலாம். கசெட்டுகளை நின்டெண்டோவிடமே செய்வித்துக்கொள்ளவும் வேண்டும். ஏகபோகம் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிந்த பாடம் வேண்டியதில்லை. இந்தப் பூட்டைத் தைவானிலும் சீனாவிலும் செய்த மலிவான போலிப் பெட்டிகள் கண்டுகொள்ளவில்லை. ‘9999 விளையாட்டுகள்’ என்று அச்சிட்டு, ஒரு சிலவற்றையே திரும்பத் திரும்பக் காட்டிய கசெட்டுகள் அவற்றோடு வந்தன. தெற்காசியாவின் எளிய வீடுகள் இந்தக் கலையை அறிந்தது அவற்றின் வழியாகத்தான். சட்டம் அவற்றைத் திருட்டு என்கிறது. கள்ளப் பதிப்புப் பாடநூலில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் நிறைந்த நாட்டில் அத்தீர்ப்பைச் சற்று நிதானமாகவே வழங்கவேண்டும்.

1994 டிசம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் கசெட்டைக் கைவிட்டுக் குறுந்தட்டை ஏற்றது. விளையாட்டு மலிவாயிற்று, தட்டு கைமாறுவதும் எளிதாயிற்று. ஆனால் பெட்டியோடு வந்த கைப்பிடி ஒன்றே ஒன்று. விளையாட்டுத் துணை தனி விலைக்குரியவனாகும் வழக்கம் இவ்வாறு ஊன்றிவிட்டது. 2000ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் பதினாறு கோடி விற்றதாகச் சோனி கூறுகிறது. அந்தப் பெட்டியின் ஆற்றல் ஏவுகணை வழிநடத்தலுக்கும் பயன்படலாம் என்று அஞ்சி ஜப்பானிய அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. 2010இல் அமெரிக்க விமானப்படை 1,700க்கும் மேற்பட்ட மூன்றாம் பிளேஸ்டேஷன்களைக் கோத்து ஒரு பெருங்கணினியே அமைத்துக்கொண்டது. தொட்டிலும் படைக்கலச் சாலையும் ஒரே கூரையின் கீழ் என்பது ரால்ஃப் பேரின் நாள்முதல் மாறாத சங்கதி.

அதே 2010 ஏப்ரலில் நிகழ்ந்ததை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மூன்றாம் பிளேஸ்டேஷனில் லினக்ஸ் என்னும் பொது இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்ற வசதியைக் காட்டித்தான் சோனி அதனை விற்றது. பிறகு ஒரு நாள் இணையத்தின் வழியே வந்த மாற்றம் அந்த வசதியை அகற்றிற்று. மாற்றத்தை ஏற்க மறுத்தவர் இணைய ஆட்டத்தை இழந்தார். பணம் கொடுத்து வாங்கி, நம் வீட்டில், நம் மேசைமேல் இருக்கும் பொருளின் ஓர் உறுப்பைக் கம்பனி தொலைவிலிருந்தே கழற்றிக்கொண்டு போகலாம் என்பது அன்று வெளிச்சமாயிற்று.

2013இல் மைக்ரோசொப்ட் இன்னும் ஓரடி முன்வைத்தது. எக்ஸ்பொக்ஸ் ஒன் என்ற புதிய பெட்டி நாளொன்றுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் ஆஜராக வேண்டும். தட்டை இரவல் தருவதற்கும் மறுவிற்பனை செய்வதற்கும் கட்டுப்பாடு. உலகெங்கும் எதிர்ப்புப் பொங்கியது. ஜூன் 19ஆம் நாள் கம்பனி பின்வாங்கியது. இந்த இடைவெளியில் சோனி வெளியிட்ட இருபத்திரண்டு விநாடிப் படம் வேடிக்கையானது: ஒருவர் தட்டை நீட்டுகிறார், மற்றவர் பெற்றுக்கொள்கிறார், இரவல் தருவது இவ்வளவே! கைதட்டினார்கள். அதே மேடையில், நான்காம் பிளேஸ்டேஷனில் இணையத்தின் வழி பிறரோடு ஆடுவதற்கு இனிச் சந்தா செலுத்த வேண்டும் என்பதையும் சோனி அறிவித்திருந்தது. 2018இல் நின்டெண்டோவும் அதே வழக்கத்தைத் தழுவிக்கொண்டது. எதிர்ச்சேரிக்கு வாடகை!

இனி இன்றைய பெட்டிகளை வாவிக்கரையில் நின்று ஒப்பிடுவோம்.

விலையை முதலில் எடுத்துக்கொள்ளலாம். பழைய பெட்டிகளின் விலை காலம் செல்லச் செல்லக் குறைந்தது. அமெரிக்காவில் 299 டொலருக்கு வந்த இரண்டாம் பிளேஸ்டேஷன் 2009இல் 99 டொலர். ஐந்தாம் பிளேஸ்டேஷனோ 2020இல் 499 டொலர், 2025 ஆகஸ்டில் 549. ஏறியது! டொலருக்கு முந்நூறு ரூபா என்று வைத்தால், தீர்வையும் வியாபாரியின் இலாபமும் சேருமுன்னரே ஒன்றரை இலட்சத்துக்கு மேல். 2025 ஏப்ரலில் இலங்கைத் தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 27,000 ரூபா. எழுபது டொலர் பெறும் புதிய விளையாட்டு ஒன்று அந்தச் சம்பளத்தில் முக்காற்பங்கை விழுங்கிவிடும். பெட்டியைப் பூட்டுகின்றவனின் நிலையும் இதனினும் மேலானதன்று. சீனாவின் யான்டாய் தொழிற்சாலையில் நான்காம் பிளேஸ்டேஷன் வேலைக்கு அமர்த்திய பயிற்சி மாணவர்களை விதிக்கு மாறாக இரவுப் பணியும் மேலதிக நேரமும் செய்வித்ததைப் பொக்ஸ்கொன் 2013இல் ஒப்புக்கொண்டது.

அடுத்து மின்சாரம். பெரிய பெட்டிகள் ஆட்டத்தின்போது இருநூறு வாட் அளவில் குடிக்கின்றன. நின்டெண்டோ ஸ்விட்ச் கையில் வைத்து ஆடும்போது பத்து வாட்டும் கேட்பதில்லை. மின்கலத்தில் சில மணி நேரம் ஓடும். 2022 மார்ச் இறுதியில் நாள்தோறும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் விற்பனையாளரின் அட்டவணை இதற்குத் தலைப்பிடத்தைத் தர வேண்டாமா? ஸ்விட்ச்சின் மற்றோர் அம்சம், அதன் இரு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றினால் இருவர் ஆடலாம். ஒரே விலையில் துணையையும் சேர்த்துத் தரும் பெட்டி இன்று இது ஒன்றே. கணக்கிடும் ஆற்றலில் மூன்றிலும் அதுவே மெலிந்தது. இருந்தும் வாவிக்கரை வீட்டுக்கு அதையே நான் முதலிடத்தில் வைப்பேன்.

ஆனால் அங்கும் பூட்டு இறுகிவருகிறது. 2025 ஜூனில் வந்த இரண்டாம் ஸ்விட்ச்சின் விளையாட்டுகளுள் சிலவற்றுக்கு விற்கும் அட்டையில் விளையாட்டே கிடையாது. அது வெறும் திறவுகோல். விளையாட்டு இணையத்திலிருந்து இறங்கவேண்டும். 2024 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் தட்டு செருகும் வாயே இல்லை. வேண்டுமானால் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். எக்ஸ்பொக்ஸ் சீரீஸ் எஸ் பெட்டிக்குப் பிறவியிலிருந்தே தட்டு இல்லை. லோசனின் கசெட் தந்த இரவல் உரிமையை மூன்று கம்பனிகளும் மூன்று வழியாக மீளப் பறித்துக்கொண்டிருக்கின்றன.

இணையத்தில் நுழைந்தால் பெட்டி முதலில் நம் நாட்டைக் கேட்கிறது. பிளேஸ்டேஷன் இணையத்தின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை. 2024 மே மாதத்தில், ‘ஹெல்டைவர்ஸ் 2’ என்ற விளையாட்டை வாங்கியிருந்தோர் அந்த இணையத்தில் கணக்குத் திறந்தே ஆகவேண்டும் என்று சோனி கட்டளையிட்டபோது, 177 நாடுகளிலும் ஆட்சிப்பகுதிகளிலும் அக்கணக்கையே திறக்க முடியாதென்பது உலகுக்குத் தெரிந்தது. எதிர்ப்பின் முன் கட்டளை விழுந்தது, பட்டியல் நின்றது. நம் இளைஞன் தன்னை இந்தியன் என்றோ வேறு நாட்டினன் என்றோ எழுதிக்கொண்டு உள்ளே போகிறான். ஒன்றரை இலட்ச ரூபாவுக்கு வாங்கிய பெட்டியின் முன் அவன் சொல்லும் முதல் வார்த்தை பொய்.

பிளேஸ்டேஷனின் கட்டளைப் பட்டியலிலும் ஸ்விட்ச்சின் கட்டளைப் பட்டியலிலும் தமிழ் கிடையாது. எனினும் 2023 ஜூலையில் ‘வெண்பா’ என்ற விளையாட்டு மூன்று பெட்டிகளுக்கும் வந்தது. கனடாவின் டொரொண்டோவில் தமிழரைக் கொண்ட சிறிய குழுவொன்று செய்தது. 1980களில் குடிபெயர்ந்த தாய், எழுத்தழிந்த சமையற் குறிப்பேட்டைப் பார்த்து இட்டலியும் புட்டும் சமைப்பதே ஆட்டம். தாயின் மொழியை மகன் மெல்ல மறப்பதே கதை. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகமான பாஃப்டா, முதற்படைப்புக்கான பரிசை அதற்கு வழங்கியது. விநாடிக்குப் பன்னிரண்டு இலட்சம் கோடி கணக்குகள் அதற்குத் தேவைப்படவில்லை.

விற்றுவிட்ட விளையாட்டைக் கம்பனி நினைத்தபோது செயலிழக்கச் செய்யலாகாது என்ற கோரிக்கை 2024இல் ஐரோப்பாவில் எழுந்தது. ‘த குரூ’ என்னும் காரோட்ட விளையாட்டின் வழங்கியை அவ்வாண்டு மார்ச்சில் யூபிசொப்ட் மூடியதே அதற்குப் பொறி. பணம் கொடுத்து வாங்கியவர் கையில் எஞ்சியது வெறுந்தட்டு. சட்டம் கோரும் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிகள் மட்டுமே அதில் ஒப்பமிட முடிந்தது.