ஓடு வெட்டுவோர் அவையில் ஒரு கணித மேதை



கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகை முதல் இஸ்ஃபஹான் நகரப் பள்ளிவாசல்கள் வரை, சுவர்களை நிறைத்து நிற்கும் நட்சத்திரக் கோலங்களைப் படங்களிலேனும் கண்டு வியக்காதவர் இலர். உயிருள்ளவற்றின் உருவங்களைத் தவிர்த்த முன்னோர் கோட்டிலும் வட்டத்திலும் அழகைக் கண்டனர் என்று கூறி நாம் நிறுத்திக்கொள்கிறோம். ஆயிரக்கணக்கான ஓட்டுத் துண்டுகள் மயிரிழை பிசகாமல் ஒன்றோடொன்று பொருந்தியது எங்ஙனம் என்று கேட்பதில்லை.

அபுல் வஃபா அல் பூஸ்ஜானீ ஹிஜ்ரி 328இல் (கி.பி. 940) குராசானில் பிறந்தவர். 959இல் பக்தாத் சென்று, வானவியலிலும் கணிதத்திலும் தம் காலத்தின் முதல்வராகத் திகழ்ந்தார். நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இன்று அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதைவிட என்னைக் கவர்ந்தது, கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவியலுக்கென்றே அவர் தனி நூல் எழுதியதாகும்.

கைவினைஞரும் கணித அறிஞரும் கூடிய அவையொன்றில் தாம் இருந்ததை அந்நூலில் அவர் பதிவு செய்துள்ளார். சமமான மூன்று சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்குவது எப்படி என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஒரு சாண் பக்கமுள்ள மூன்று சதுரங்கள் சேர்ந்தால், புதிய சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 1.732 சாண் வரவேண்டும். கணித அறிஞர்கள் அந்த நீளத்தைக் கோடாக வரைந்து காட்டிவிட்டனர். ஓட்டை எங்கே வெட்டுவது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. கைவினைஞர்களோ வெட்டிச் சேர்த்தே காட்டினர். அது கண்ணுக்குச் சதுரமாகவே தெரிந்தது. அளந்தால் கணக்கு உதைத்தது. ஓர் ஓட்டில் தெரியாத அப்பிழை, சுவர் முழுதும் அடுக்கும்போது பல்லிளித்துவிடும்.

அபுல் வஃபா இரு சாராரின் குறையையும் ஒளிவின்றிக் கூறுகிறார். ஒருவர் நிரூபணத்தோடு நின்றுவிடுகிறார். மற்றவர் கண்ணை மட்டும் நம்புகிறார். கிதாபு ஓதிய எம் போன்றோருக்கு இதில் முதற்பாதி நன்றாகவே உறைக்கிறது.

அவர் காட்டிய வழி எளிது. இரண்டு சதுரங்களை மூலைவிட்டத்தில் வெட்டினால் நான்கு முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தை நடுவில் வைத்து, ஒவ்வொரு முக்கோணத்தின் நீண்ட பக்கத்தையும் அச்சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தோடு ஒட்டி, கூர்முனை சதுரத்தின் மூலையில் தொடங்குமாறு ஒரே சுற்றாக அடுக்க வேண்டும். பின்னர் நான்கு செங்கோண முனைகளையும் நேர்கோடுகளால் இணைக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் துண்டுகளை வெட்டி உள்ளே உள்ள இடைவெளிகளில் வைத்தால், மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. நிரூபணமும் உண்டு, கத்தி வைக்க இடமும் உண்டு. காகிதத்தை வெட்டி நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம்.

பிற்கால உஸ்தாதுகளின் வரைபடச் சுருள் ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 29 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அச்சுருளில் 114 வரைபடங்கள் உண்டு. விளக்க உரை எதுவும் இல்லை. மையிட்ட கோடுகளுக்கு அடியில், கூர்முனையால் கீறிய மையற்ற கோடுகளும் வட்டங்களும் இருக்கின்றன. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால்தான் அவை கண்ணுக்குப் புலப்படும்.