தூண்டப்பட்டவர்களா? 1938 மொழிப் போரில் பெண்களின் தலைமையும் கூட்டும்

சென்னை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையில் 1938 நவம்பர் 13 அன்று கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு, ஈ.வெ.ராமசாமிக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கிய மாநாடாகவே பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் நிலைத்துவிட்டது. மறுநாள் நடந்தது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நவம்பர் 14 அன்று டாக்டர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம், மலர்முகத்தம்மையார், பட்டம்மாள், தம் இரு குழந்தைகளுடன் சீதம்மாள் ஆகிய ஐவரும் மறியல் செய்து கைதானார்கள். இந்தி எதிர்ப்பில் பெண்கள் சிறை புகுந்தது அன்றுதான் தொடங்கியது. இந்த இரண்டு நாட்களை எப்படி இணைத்துப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தமிழ் வாசகர்கள் அம்பையாக அறிந்த சி.எஸ். லட்சுமி, 1990இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் தாய், தாய்ச்சமூகம், தாய்-அரசியல் ஆகியவற்றைப் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் இன்றும் தவிர்க்க முடியாதது. திராவிட இயக்கம் பெண்ணைத் தாயாகவே, அதிலும் வீரமகனைப் பெற்ற சங்கத் தாயின் வாரிசாகவே அரசியலுக்குள் அழைத்தது. அப்படி அழைக்கப்பட்டவளுக்கு அந்தப் படிமத்தைத் தாண்டித் தனித்த அரசியல் வாய்க்கவில்லை. அவருடைய வாதத்தை நான் சுருக்கிச் சொல்வது இவ்வாறுதான். 1991இல் சோஷியல் சயன்டிஸ்ட் இதழில் எஸ். ஆனந்தி இதற்கு விடையளித்தார். சுயமரியாதை இயக்கத்தின் முதல் இருபது ஆண்டுகளில் திருமணம், கற்பு, சொத்து பற்றிப் பெண்களே எழுதியதையும் பேசியதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆனந்தியின் விடை பெரும்பாலும் கருத்துகளின் தளத்தில் அமைந்தது. எனக்கு அம்பையோடுள்ள வேறுபாடு நாட்காட்டி சார்ந்தது. கொஞ்சம் சில்லறைத்தனமாகக்கூடத் தோன்றலாம்.

அம்பையின் வாசிப்பு 1950களுக்கும் அதற்குப் பின் வந்த மேடைத் தமிழுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழன்னையின் மானம், தாய்ப்பாலோடு ஊட்டிய மொழி என்று பேசியவர்கள் 1938லும் இருந்தார்கள். அவர்களுள் பெண்களும் உண்டு. ஆனால் பின்னால் வந்த படிமத்தை முன்னால் நடந்த செயலின் மீது ஏற்றும்போது, யார் யாரை அழைத்தார்கள் என்பது தலைகீழாகிவிடுகிறது. இதே தலைகீழ் வாசிப்பைச் செய்த இன்னொரு தரப்பும் இருந்தது: அன்றைய அரசு. நவம்பர் 13, 14 ஆகிய நாட்களில் பேசிப் பெண்களை மறியலுக்குத் தூண்டினார் என்பதுதான் ஈ.வெ.ரா. மீது தொடரப்பட்ட வழக்கு. டிசம்பர் 6 அன்று ஓராண்டுக் கடுங்காவலும் 1000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. அம்பை அரசுத் தரப்பைப் பேசுகிறார் என்று சொல்ல வரவில்லை. அவர் நோக்கமே வேறு. இருந்தும், பேச்சாளர் ஒருவர், கேட்டு எழுந்த பெண்கள் பலர் என்ற அமைப்பு இரண்டிடத்திலும் ஒன்றாக இருக்கிறது.

நாட்களைப் பார்ப்போம். 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய ஆணை வந்தது 1938 ஏப்ரல் 21இல். ஆகஸ்ட் 1 அன்று திருச்சியிலிருந்து நூறு பேர் கொண்ட தமிழர் படை புறப்பட்டது. குமாரசாமிப் பிள்ளையோடு அதை நடத்திச் சென்றவர்களுள் ஒருவர் இராமாமிர்தம். 1883இல் பிறந்த அவருக்கு அப்போது 55 வயது. படை சென்னை சேர்ந்தது செப்டம்பர் 11இல், அதாவது 42ஆவது நாள்.

இந்த 42 என்ற எண்ணை வரலாற்றாசிரியர்கள் ஒரு வீரக்கணக்காக எழுதிவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். திருச்சியிலிருந்து பெரம்பலூர் வழியாகச் சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலை ஏறத்தாழ 200 மைல். நாளுக்கு 14 மைல் நடந்தாலும் நேர்வழியில் இரண்டு வாரத்தில் சென்னை வந்துவிடும். 42 நாட்கள் ஆயின என்றால், 234 கிராமங்களையும் 60 நகரங்களையும் தொட்டுச் சென்றார்கள் என்ற பழைய கணக்கு நம்பத்தகுந்ததாகிறது. சராசரியாக நாளுக்கு ஏழு ஊர்கள். படை நடந்ததைவிட நின்று பேசியதே அதிகம் என்று கொள்ளலாம். ஊர் மந்தையில் கூட்டம் சேர்ப்பது, உள்ளூர்ப் பெரியதனக்காரர்களைச் சமாளிப்பது, எதிர்க்கேள்விக்கு விடை சொல்வது ஆகியவைதான் அங்கே தலைமையின் வேலை. படையில் இராமாமிர்தம் ஒருவரே பெண் என்பது இயக்க வழக்கு. அது உண்மையாயின், அந்த ஊர்களில் பல, அரசியல் பேசும் ஒரு பெண்ணை முதன்முதலாக அப்போதுதான் பார்த்திருக்கும்.

ஆக, நவம்பர் 13க்கு இரண்டு மாதம் முன்பே ஒற்றைவாடைக் கொட்டகையின் தலைமை உருவாகிவிட்டது. உண்மையில் அதற்கும் முன்பே என்று சொல்ல வேண்டும். பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக இராமாமிர்தம் 1920களிலேயே மாயவரம் வட்டாரத்தில் மாநாடு கூட்டியவர். அவருடைய ‘தாசிகள் மோசவலை’ நாவல் 1936இல் வெளிவந்தது.

சான்று மெலிந்திருக்கும் இடம் அடுத்தது. அழுத்திச் சொல்ல வேண்டியதும் அங்கேதான். கைக்குழந்தையோடு சிறைக்குப் போகும் முடிவை ஒரு பெண் ஓர் இரவில், ஒரு சொற்பொழிவைக் கேட்டு எடுக்க முடியாது. சீதம்மாள், தருமாம்பாளின் மருமகள் என்று இயக்கக் குறிப்புகள் சொல்கின்றன. மாமியாரும் மருமகளும் ஒரே அணியில் போவதென்றால் வீட்டில் அடுப்பு, வைத்தியத்துக்கு வருவோர், வரவு செலவு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு வேண்டும். முதல் ஐவரின் பட்டியல் மாநாட்டுக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. இதற்கு ஆவணம் காட்ட முடியாது; அனுமானம்தான். ஆனால் ‘தூண்டுதல்’ என்பதும் அனுமானமே. அதன் பின்னால் நீதிமன்ற முத்திரை இருப்பதால் அது சான்று போலத் தோற்றம் தருகிறது, அவ்வளவுதான்.

குழந்தைகள் விஷயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். போராட்டம் முழுவதிலும் 73 பெண்களும் அவர்களோடு 32 குழந்தைகளும் சிறையில் இருந்தார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்றவர்களைப் பார்த்தவுடன் தாய்மையின் அரசியல் என்று சொல்லத் தோன்றும். மேடைப் பேச்சாளர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பால்குடி மறவாத குழந்தையை ஆறு வாரம் யாரிடம் விடுவது என்ற நடைமுறைக் கேள்விக்கு அந்தப் பெண்கள் கண்ட விடையாகவும் அது இருக்கலாம். படிமம் ஒன்று, தேவை ஒன்று. முன்னதை எழுதிவைக்க ஆளிருந்தது.

இனி ஒற்றுமை. மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய நீலாம்பிகை, மறைமலையடிகளின் மகள். சைவப் பற்றும் தனித்தமிழ்ப் பற்றும் உடையவர். மாநாட்டில் பங்குகொண்ட மீனாம்பாள் சிவராஜ் ஆதிதிராவிடர் இயக்கத்தின் தலைவர். தருமாம்பாள் சித்த மருத்துவர். இராமாமிர்தம் தேவதாசி மரபில் வளர்க்கப்பட்டு அதை மறுத்து வெளியேறியவர். கடவுள், கோயில், சாதி எதிலும் இந்த நால்வரும் ஒரே கருத்துடையவர்கள் என்று சொல்ல முடியாது. ‘சகோதரித்துவம்’ என்று பின்னாளைய பெண்ணிய எழுத்து பேசும் உணர்வை இவர்களிடம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு குறிப்பிட்ட ஆணையை எதிர்க்கச் சேர்ந்த கூட்டு இது. சேராதவர்களையும் மறக்கக் கூடாது: 1937 முதல் சட்டமன்றத் துணைத் தலைவராக இருந்த ருக்மணி லட்சுமிபதி, ஆணை பிறப்பித்த கட்சியின் தலைவர்களுள் ஒருவர். பத்தாண்டு பின்னோக்கிப் போனால் 1927இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரிய முத்துலட்சுமி ரெட்டியின் தீர்மானத்தை எதிர்த்து அணிதிரண்டவர்களும் பெண்களே. பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னணியில் நின்றார். அந்த விவாதத்தில் இராமாமிர்தம் முத்துலட்சுமியின் பக்கம். 1938 போராட்ட அணியில் முத்துலட்சுமி இல்லை. பிரச்சினைக்குப் பிரச்சினை அணி மாறியிருக்கிறது. இதைப் பிளவு என்று எழுதுகிறவர்கள், ஆண் தலைவர்கள் 1925க்கும் 1938க்கும் இடையே எத்தனை முறை அணி மாறினார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதினால் நியாயமாக இருக்கும்.

பட்டத் தீர்மானத்தையும் இந்தப் பின்னணியில்தான் வைக்க வேண்டும். ஈ.வெ.ரா.வை அப்படிக் குறிப்பிடும் வழக்கு அதற்கு முன்பே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததாகச் சொல்லப்படுகிறது. எனவே மாநாடு புதிதாகப் படைத்தது என்பதைவிட உறுதிசெய்தது என்பது பொருத்தம். பட்டம் கொடுப்பது யாரிடம் அதிகாரம் இருக்கிறதோ அவர்கள் செய்யும் காரியம். அதைப் பெண்கள் செய்தார்கள். அதையே பெண்கள் தலைவரைப் பின்தொடர்ந்ததற்குச் சான்றாக நாம் படித்து வந்திருக்கிறோம். இராமாமிர்தத்தை அரசு நினைவுகூர்ந்த விதமும் இதைச் சார்ந்ததே. 1989இல் அவர் பெயர் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்குச் சூட்டப்பட்டது. 2022இல்தான் அது உயர்கல்வி உதவியாக மாறியது.

இக்கூட்டு எப்போது முடிந்தது என்பதில் எனக்குத் தெளிவில்லை. கட்டாய இந்தி விலக்கப்பட்ட 1940 பிப்ரவரி 21 ஒரு நாள். நோக்கம் நிறைவேறியதால் அணி கலைந்தது என்று கொள்ளலாம். நீதிக்கட்சி திராவிடர் கழகமான 1944ஐச் சொல்வோரும் உண்டு. இராமாமிர்தம் அண்ணாவோடு பிரிந்து சென்ற 1949ஐச் சொன்னாலும் மறுப்பதற்கில்லை. ஆனந்தி தம் ஆய்வை 1948இல் நிறுத்தினார். முதல் நாளின் பக்கமே நான் சாய்கிறேன்; ஆனால் மீனாம்பாளின் 1940களின் பணிகளை, குறிப்பாகத் தாழ்த்தப்பட்டோர் கூட்டமைப்பில் அவர் வகித்த தலைமையை, இந்தக் கூட்டின் தொடர்ச்சியாகக் கொள்வதா, அதிலிருந்து விலகியதாகக் கொள்வதா என்பதைப் பொறுத்து இந்த நாளும் மாறும்.