மெய்புகு கருவி

கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளின் துணையில் விட்டுவிட்டு, மதுரை நகரைக் கண்டுவரத் தனியே புறப்பட்டான் கோவலன். இளங்கோவடிகள் அவனை வீதி வீதியாக நடத்திச் செல்கிறார். மணி வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என்று நாம் பள்ளிப் பருவத்தில் படித்து வியந்த காட்சிகள் அவை. அவற்றுக்கு முன்னே ஓர் அங்காடித் தெரு வருகிறது. வண்டிகளும் தேர் உறுப்புகளும் யானைத் தோட்டிகளும் செம்பு, வெண்கலப் பொருள்களும் விற்கும் தெரு. ஒளிவிடும் மணிகளைக் காணும் அவசரத்தில் பெரும்பாலும் நாம் அதனை விரைந்து கடந்துவிடுகிறோம். அங்கே, அந்தச் சரக்குகளின் நடுவே, கவசம் விற்பனைக்கு இருக்கிறது. தோலால் ஆன அரணமும், பன்றிமுகக் கேடயமும், கிடுகு என்னும் கேடயமும் உடன் இருக்கின்றன.

ஆகவே கவசம் என்பது அரசனின் படைக்கலக் கொட்டிலில் மட்டும் இருந்த பொருள் அன்று. மதுரைக் கடைத்தெருவில் விலைக்குக் கிடைத்த பொருள். அதற்குக் காப்பியம் தரும் அடைமொழி மெய்புகு என்பது. பழைய உரையாசிரியர்களும் கவசத்தை மெய்புகு கருவி என்றே வழங்குவர். இச்சொல்லைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். உடலின்மேல் போர்த்துவது என்றோ, மார்பில் கட்டுவது என்றோ அவர்கள் சொல்லவில்லை. உடல் அதனுள்ளே புகுகிறது. வீட்டுக்குள் புகுவதுபோல, ஒருவன் கவசத்துக்குள் புகுந்து கொள்கிறான்.

யார் இதை வாங்கினார்கள்? அதே காதையில் விடையின் ஒரு பகுதி இருக்கிறது. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திக் காவல் நின்றவர் யவனர். முல்லைப்பாட்டின் பாசறையிலும் அரசனின் கூடாரத்தைக் காப்பவர் யவனரே. அவர்கள் மெய்ப்பை, அதாவது சட்டை, அணிந்தவர்களாகக் காட்டப்படுகின்றனர். சட்டை என்பதே புதுமையாக இருந்த நாட்டில், உடல் முழுவதையும் மூடிக்கொண்டு நின்ற அந்த மனிதர்கள் புலவரின் கண்ணுக்கு அச்சம் தருவோராகத் தெரிந்தனர். யவனர் எனப்பட்டோர் கிரேக்கரும் உரோமையருமாகிய மேலைக்கடல் நாட்டினர். அவர்கள் நாட்டுப் படைவீரன் எவ்வாறு ஆயத்தமானான் என்பதை நாம் அறிந்த ஒரு மடலே ஓரளவு சொல்லிவிடுகிறது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகத்தில் இடைக்கச்சை முதலில் வருகிறது. பின்னர் மார்புக்கவசம், மிதியடி, கேடயம், தலைச்சீரா, இறுதியாக வாள். இவ்வரிசை காரணமின்றி அமைந்ததன்று. இடைக்கச்சை இறுகினால் அன்றி ஆடை அடங்காது. தலைச்சீராவை முதலில் அணிந்தவனுக்குக் குனிந்து மிதியடி கட்டுதல் எளிதன்று. வாள் கையில் இருக்கும்போது வார்களை இறுக்க இயலாது. வீரர்களின் காவலில் இருந்தவர் அவர்கள் ஆயத்தமாவதைப் பலமுறை பார்த்திருப்பார்.

நம் நாட்டுக் கவசம் பெரும்பாலும் இரும்பாக இருந்ததில்லை. புறநானூற்றின் 13-ஆம் பாட்டில் புலித்தோல் கவசம் ஒன்றைக் காண்கிறோம். சோழன் ஒருவன் ஏறிவந்த யானை மதங்கொண்டு, பகைவனாகிய சேரனின் கருவூருக்குள் புகுந்துவிடுகிறது. மாடத்தின்மேல் நிற்கும் சேரன், 'இவன் யார்?' என்று அருகில் இருந்த புலவர் முடமோசியாரைக் கேட்கிறான். அம்புகளால் கிழிந்த புலித்தோல் கவசத்தையும் அதனூடே தெரியும் அகன்ற மார்பையும் காட்டிப் பேசும் புலவர், அவன் தீங்கின்றித் தன் ஊர் திரும்புக என்று வாழ்த்துகிறார். கவசம் கிழிந்திருக்கிறது, அதனால்தான் உள்ளிருந்தவன் உயிரோடிருக்கிறான். பகைவனின் மாடத்தில், அவன் அருகிலேயே நின்று இப்படி வாழ்த்திய முடமோசியாரின் துணிவையும் இங்கே மெச்சத்தான் வேண்டும்.

தோலுக்கு அடுத்தது பருத்தி. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் கவச வகைகளைச் சொல்லும்போது இரும்பு வலை, இரும்புத் தகடு ஆகியவற்றோடு நூலால் ஆன கவசத்தையும் சேர்க்கிறது. அந்நூலே சிறந்த பருத்தித் துணி கிடைக்கும் இடங்களுள் மதுரையையும் கூறுகிறது. அது நம் தென்மதுரையே என்று கொள்வோர் பலர். துணி எப்படிக் கவசமாகும் என்று ஐயுற வேண்டா. பல அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே பஞ்சு திணித்து, நெருக்கமாகத் தையல் ஓட்டினால் வாளின் வெட்டு அந்த அடுக்குகளில் சிக்கி வலுவிழக்கும். அடியின் அதிர்ச்சியைப் பஞ்சு வாங்கிக்கொள்ளும். சித்திரை வெயிலில் வைகைக் கரையில் நிற்பவனுக்கு இரும்புச் சட்டை என்னவாகும் என்பதை மதுரை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரும்பு துருவும் பிடிக்கும். படைக்கலங்களுக்கு நெய் பூசி வைப்பதை ஔவையார் பாடியிருப்பதும் இதனாலன்றோ! பருத்திக்குள்ள குறை, மழையில் நனைந்தால் பாரமாகிவிடும் என்பதே.

1520-ஐ ஒட்டி விஜயநகரத்துக்கு வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், அங்கு நடந்த படை அணிவகுப்பை விவரித்திருக்கிறார். குதிரை வீரர்கள் தைத்து அடுக்கிய சட்டைகள் அணிந்திருந்தனர். சில பதனிடாத தோலை அடுக்கிச் செய்தவை; சில இரும்புத் தகடுகள் வைத்துச் செய்தவை. தலைக்காப்பிலிருந்து பிடரியை மறைக்கும் மடிப்பு தொங்கியது; முகத்துக்கும் தனிக் காப்பு இருந்தது. அந்தப் படையின் வழிவந்த தலைவர்களே பின்னர் மதுரையில் நாயக்கர் ஆட்சியை நிறுவினர். எனவே பயஸ் கண்ட சட்டையும் தலைக்காப்பும் மதுரைச் சமவெளியிலும் உலவியிருக்கும் என்று கருதுவது பிழையாகாது.

இத்தகைய சட்டையை ஒருவன் தானே முழுமையாக அணிந்துகொள்வது கடினம். முதுகுப் பக்கம் முடிச்சிட மற்றொரு கை வேண்டும். இதனை இன்றும் கண்ணாரக் காண வேண்டுமானால் நாம் ஜப்பானுக்குத்தான் செல்ல வேண்டும். அந்நாடு நமக்கு முற்றிலும் அயலானதன்று. 1542-இல் இந்தியா வந்து, முத்துக்குளித்துறையில் கடற்கரை மணலில் சிறுவர்களுக்குத் தமிழில் செபம் கற்பித்த புனித சவேரியார், 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் கரையிறங்கினார். ஜப்பானியர் படைக்கலங்களைப் பெரிதும் மதிப்பவர் என்றும், பதினான்கு வயது முதலே வாளும் குறுவாளும் தரிப்பவர் என்றும் அவர் மடலில் எழுதினார். பிற்காலத்தில் அந்நாட்டில் நீண்ட அமைதி நிலவியது. போருக்கு வழியில்லை, ஆனால் வாட்பயிற்சியை விட மனமில்லை. மரவாளால் பயின்றால் எலும்பு முறிந்தது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகனுமா மரபைச் சார்ந்த ஆசிரியர்கள் மூங்கில் வாளையும் பயிற்சிக்கென்றே ஆன கவசத்தையும் செம்மைப்படுத்தினர். இன்று கெண்டோ என வழங்கும் பயிற்சி அந்த வழியில் வளர்ந்தது.

கெண்டோ பயில்வோர் கவசம் அணிவது ஒரு சடங்கைப் போன்றது. மண்டியிட்டு அமர்ந்து, முதலில் இடுப்புக் காப்பைக் கட்டுகின்றனர். அடுத்து மார்புக் காப்பு. அதன் நாடாக்கள் முதுகின் குறுக்கே சென்று தோள்பக்கம் முடிச்சாகின்றன. பின்னர் தலையில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் கம்பிக் கிராதி வைத்த முகக் காப்பை அணிந்து, தலைக்குப் பின்னால் நாடாவை இறுக்குகின்றனர். முடிச்சிலிருந்து தொங்கும் முனைகள் 40 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது என்பது போட்டி விதி. கையுறைகளே இறுதி, அவற்றை அணிந்த பின் விரல்களால் முடிச்சிட முடியாது. அந்த முகக் காப்பின் இருபுறமும் தோள்மீது சரியும் பகுதி நெருங்கத் தைத்த பருத்தி அடுக்கே. பயிற்சியின் நடுவே ஒரு நாடா அவிழ்ந்தால், அவிழ்ந்தவன் ஒதுங்கிச் சென்று, அமர்ந்து, மீண்டும் கட்டிக்கொண்டுதான் வரவேண்டும். எதிரே நிற்பவன் காத்திருப்பான்.

நம் சிலம்பக் களத்தில் இப்படி ஒன்று தோன்றவில்லை. வேட்டியை வரிந்து கட்டி, தலையில் துணி சுற்றி, வெறும் மேனியுடன் களத்தில் இறங்குவதே நம் வழக்கம். அடி எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கழி பிடித்தவன் அறிந்திருந்தான். சீடனின் உடலுக்கு ஆசானின் கைக்கட்டுப்பாடே காப்பு. இரண்டில் எது உயர்ந்தது என்னும் வழக்கு நமக்கு வேண்டா. ஆசான் தவறினால் அடிபட்டவன் சீடன்தான் என்பதை மட்டும் மறக்கலாகாது.

கவசம் கடையில் விற்கப்பட்ட நாட்டில் கவசமின்றிப் போனவர்கள் எத்தனை பேர்? இக்கேள்விதான் என்னைப் புறநானூற்றின் 279-ஆம் பாட்டுக்கு அழைத்துச் சென்றது. முன்னாள் போரில் தந்தையையும், அடுத்த நாள் கணவனையும் இழந்த பெண் மீண்டும் போர்ப்பறை கேட்கிறாள். ஒரே மகன், அவனும் சிறுவன். அவனை அழைத்து அவள் செய்வனவற்றை ஒக்கூர் மாசாத்தியார் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கையில் வேல் கொடுக்கிறாள். வெள்ளைத் துணியை விரித்து உடுத்துகிறாள். பரந்து கிடக்கும் குடுமியில் எண்ணெய் தடவிச் சீவுகிறாள். அவ்வளவே. மறக்குடிப் பெண்ணின் துணிவு என்று இதனைப் போற்றி வருகிறோம், போற்றுதல் தகும். ஆயினும் அப்பாட்டில் கவசம் இல்லை. மதுரைக் கடைத்தெருவில் விற்றதை வாங்கும் வசதி அந்த வீட்டுக்கு இருந்திராது. அவளால் இயன்ற காப்பு, வெளுத்த துணி ஒன்றும் சிறிது எண்ணெயும்.

இதே நூலின் 77-ஆம் பாட்டில் மற்றொரு சிறுவன் போருக்கு அணியப்படுகிறான். அவன் பாண்டியன் நெடுஞ்செழியன். காலின் கிண்கிணியை நீக்கிக் கழல் கட்டியிருக்கிறான், தலையில் வேம்பின் தளிரையும் உழிஞைக் கொடியையும் சூடியிருக்கிறான், கையில் வில். ஆனால் குழந்தைக்கு இடும் ஐம்படைத் தாலியைக் கழுத்திலிருந்து இன்னும் கழற்றவில்லை. பால் குடிப்பதை விட்டு இன்றுதான் சோறு உண்டான் என்கிறார் இடைக்குன்றூர் கிழார். புலவர் மிகைப்படுத்துகிறார் என்பது தெளிவு. அப்படியிருந்தும் அரசிளஞ்சிறுவனுக்கும் அவர் கவசம் பூட்டவில்லை. தாவீதை நினையாதிருக்க முடிகிறதா? சவுல் தம் வெண்கலத் தலைச்சீராவையும் கவசத்தையும் தாமே அச்சிறுவனுக்கு அணிவித்தார். பழக்கமில்லாத அவற்றோடு நடந்து பார்த்த தாவீது, இயலாது என்று கழற்றி வைத்துவிட்டான். நன்கு பொருந்தாத கவசம் பகைவனைவிட முன்னதாகவே ஆளை வீழ்த்தும். அதை அணிந்து பழகுவதும் ஒரு கல்வியே.

தமிழர் மார்பில் பட்ட விழுப்புண்ணை அணியாகக் கொண்டவர், ஆகவே கவசத்தை இகழ்ந்தவர் என்று கூறுவோர் உண்டு. முதுகில் புண்பட்டமைக்கு நாணி வடக்கிருந்த சேரலாதனையும், விழுப்புண் படாத நாளை வீணான நாளாகக் கருதும் வீரனைப் பற்றிய குறளையும் அவர்கள் காட்டுவர். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. இகழ்ந்திருந்தால், பதிற்றுப்பத்தின் புலவர்கள் சேர மன்னரை வாழ்த்தத் தேர்ந்த சொற்களுள் ஒன்று மெய்ம்மறை என்று இருந்திராது. மெய்ம்மறை என்பதும் கவசமே. சான்றோருக்கு மெய்ம்மறை, மழவருக்கு மெய்ம்மறை என்று அரசனை விளிக்கின்றனர். இங்குச் சான்றோர் என்பது வீரரைக் குறிக்கும். கவசம் அணிந்தவனே என்று அவனை அழைக்கவில்லை. தன் வீரருக்கு நீயே கவசம் என்கின்றனர். எய்யும் கணை முதலில் உன்மேல் பட வேண்டும் என்பது அதன் பொருள். வாழ்த்து என்ற பெயரில் மன்னன்மேல் இத்துணைப் பெரிய கடமையை ஏற்றி வைத்த புலவர்களை என்னென்பது!

பாண்டிய நாட்டில் அந்தக் கடமையின் ஒரு காட்சியை நெடுநல்வாடை காட்டுகிறது. கூதிர்கால நள்ளிரவு, வாடை வீசுகிறது. அரசன் உறங்காமல் பாசறையில் புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராகக் கண்டு வருகிறான். அவனும் அன்று கவசத்துக்குள் இல்லை. மேலாடை நழுவுகிறது, அதை இடப்பக்கமாக அணைத்துக்கொண்டு நடக்கிறான்.

எல்லாக் காலத்திலும் இப்படி நடந்ததில்லை. திருமலை நாயக்கரின் இறுதிக் காலத்தில், 1656-ஐ ஒட்டி, மைசூர் மன்னர் கண்டீரவ நரசராஜாவின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரை நாட்டுக்குள் இறங்கியது. எதிர்ப்பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு அறுத்து அனுப்பியது. போரிட்டவர், போரிடாதவர் என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. பின்னர் மதுரைப் படை மைசூர் நாட்டுக்குள் சென்று அதையே திருப்பிச் செய்தது. மூக்கறுப்புப் போர் என்று வழங்கும் இக்கொடுமையை, தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி தொகுத்த இயேசு சபைத் துறவி புரோயன்சாவின் 1659-ஆம் ஆண்டு மடல் பதிவு செய்துள்ளது. படைத்தலைவர்களுக்குத் தலைக்காப்பில் முகத்துக்கென்று தனித் தகடு இருந்திருக்கும். உழவருக்கும் நெசவாளருக்கும் என்ன இருந்தது?

மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் அவருடைய சிலையும் அவர் முன்னோரின் சிலைகளும் உள்ளன. கைகூப்பி நிற்கின்றனர், மார்பில் அணிகலன்கள் உண்டு, கவசம் இல்லை. நெடுங்காலம் அந்தத் தூண்களுக்கு நடுவே தையற்காரர்கள் கடை வைத்திருந்தனர். இப்போது அக்கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. அழகர் ஆற்றில் இறங்கும் நாள் நெருங்கினால் அவர்களுக்கு ஓய்வில்லை. நீர் பீய்ச்சும் வேண்டுதலுக்காகச் சல்லடமும் சட்டையும் உருமாலும் தைக்கக் கூட்டம் நிற்கும். முன்பொருமுறை புதுமண்டபத்தில் ஒரு தாய் தன் சிறுவனைத் தையற்காரர் முன் நிறுத்தியிருந்தார். சட்டையை அளவு பார்க்க அவன் இரு கைகளையும் உயர்த்தினான். உள்ளே புகுந்த தலை வெளியே வரச் சற்றே நேரமாயிற்று. தாய் முதுகுப் பக்கம் சென்று நாடாவை முடிந்து, இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.