பொழியூர்

பொழியூர், கேரளக் கடற்கரையின் தென்கோடியில் உள்ள மீனவக் கிராமம். திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தில், குளத்தூர் ஊராட்சியைச் சேர்ந்தது. அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவரும் நெய்யாறு, வடக்கே பூவாற்றில் கடலில் கலக்கிறது. தெற்கே கொல்லங்கோடும் நீரோடியும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்கள். கடற்கரை மணலில் நடந்தே மாநிலம் தாண்டிவிடலாம்.

இந்த எல்லை 1956 நவம்பர் 1 அன்று வந்தது. அதுவரை இருபுறமும் திருவிதாங்கூர், பிறகு திரு-கொச்சி. தமிழகத்தோடு இணைக்க, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழகம் வந்தன, நெய்யாற்றின்கரை வரவில்லை. பொழியூர்க் கரையில் பேசும் மலையாளத்தில் இன்றும் தமிழ் கலந்து கிடப்பதற்கு இந்தப் பழைய உறவே காரணம். கரையில் பெரும்பாலோர் இலத்தீன் கத்தோலிக்கர். அரசு கிழித்த கோட்டைத் திருச்சபை கண்டுகொள்ளவில்லை: நீரோடி முதல் தூத்தூர் வட்டாரம் வரையுள்ள தமிழகக் கடலோரப் பங்குகளும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தின் கீழேயே இருக்கின்றன.

அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய், இவ்வட்டாரத்தின் முக்கியமான வரலாற்றுச் சின்னம். பத்மநாப சுவாமி, இங்கிலாந்து அரசி, திருவிதாங்கூர் மன்னர் மூவரையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்திய திட்டம் இது. உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், 1860இல் வேலை தொடங்கியது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகுப் பாதை என்பதே நோக்கம். பூவாற்றிலிருந்து மண்டைக்காடு வரை வெட்டியதோடு நின்றுபோனது. சாலைகள் வந்தபின் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும், பல இடங்களில் வெறும் சாக்கடையாகிவிட்டது.

எல்லைக்கு அப்பால் கொல்லங்கோடு பத்திரகாளி கோயிலில் மீனபரணியை ஒட்டி நடக்கும் தூக்க நேர்ச்சை பெயர்பெற்றது. மரத்தேரின் வில்லில் தொங்கும் தூக்கக்காரர்கள் கைக்குழந்தைகளை ஏந்திச் சுற்றிவருவார்கள். இருமாநிலத்தாரும் கூடுவர். பக்கத்து ஊரான செங்கலில் மகேசுவரம் சிவபார்வதி கோயிலின் 111.2 அடி உயரச் சிவலிங்கம் 2019இல் திறக்கப்பட்டது.

கடல்தான் வாழ்வு, ஆபத்தும் அதுவே. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயல் இக்கரையிலும் உயிர்களைக் கொண்டுபோனது. 2024 மார்ச் 31 அன்று, காற்றோ மழையோ இல்லாமல் எழும் 'கள்ளக்கடல்' வீடுகளுக்குள் புகுந்தது. இவற்றைவிட மெதுவாக, ஆனால் விடாமல் நடப்பது கரையரிப்பு. எல்லைக்குத் தெற்கே தமிழகப் பகுதியில் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகள் மணலைத் தடுத்துவிடுகின்றன. அதனால் கேரளப் பக்கத்துத் தெற்குக் கொல்லங்கோட்டில் வீடுகளும் நீரோடிக்குச் செல்லும் கடலோரச் சாலையும் இடிந்துபோயின என்பது ஊராரின் குற்றச்சாட்டு. ஒரு கரைக்கு இரண்டு அரசுகள் தனித்தனியே திட்டம் போட்டால் வேறென்ன நடக்கும்? பொழியூரில் மீன்பிடித் துறைமுகம் அமைக்க, முதற்கட்டமாகக் கேரள அரசு 2024–25 நிதிநிலை அறிக்கையில் 5 கோடி ரூபாய் ஒதுக்கியது.

வெளியூர்க்காரர்களுக்குப் பொழியூர் என்றால் கால்பந்து. கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி வரை சென்றதால், 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தாவில் வங்காளத்தை பெனால்டியில் வென்று, 14 ஆண்டுகளுக்குப் பின் கோப்பையைக் கைப்பற்றிய கேரள அணியில் இவ்வூரின் சீசன் இருந்தார். மறு ஆண்டு அவரே தலைவர். நெய்வேலியில் நடந்த தகுதிச்சுற்றில் அந்த அணி தேறவில்லை.