தலைமையும் கிளையும்

அலிபிரி அடிவாரத்தில் குடியமர்ந்து வாழும் தமிழன்பர்களே!

1964இல் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வறிஞர் மாநாடு கூடியபோது, தனிநாயக அடிகளாரின் முயற்சியால் உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றம் தோன்றிற்று. 1966இல் கோலாலம்பூரிலும், 1968இல் சென்னையிலும், 1970இல் பாரிசிலும் மாநாடுகள் நிகழ்ந்தன. ஆய்வின் தரம் காப்பது மன்றத்தின் கடன். இடமும் பொருளும் உதவுவது அவ்வந்நாட்டார் கடன்.

2010இல் மாநாடு கூட்டத் தமிழக அரசு விழைந்தது. ஆய்வுரைகளை ஆயத்தம் செய்யக் காலம் போதாதென மன்றத் தலைவர் நொபொரு கராஷிமா இசையவில்லை. அரசு, செம்மொழி மாநாட்டைக் கோவையில் தனித்தே நடத்திற்று. பொருளும் மக்கள் திரளும் ஒருபுறம், ஆய்வு மன்றம் மறுபுறம் எனப் பிரிந்தமை தமிழுக்கு இழப்பன்றோ?

இருப்புப்பாதையில் கால அட்டவணை வகுப்பது தலைமையகம். வழி திறந்துளதா என அறிபவர் நிலைய அதிபர். இருவரும் கலந்தாலன்றி வண்டி ஓடாது. தாயகத்துப் பெருமன்றங்களோடு உறவு பூணும் நம் சிறு சங்கமும், நாளையும் பொருளையும் முன்னரே கலந்து முடிவு செய்வதாகுக!