சொல்ல முடியாத வலிக்கு யார் சாட்சி?



கோலசிலாங்கூர் என்றதும் பலருக்கு மின்மினிப் பூச்சிகளும் கலங்கரை விளக்கமும்தான் நினைவுக்கு வரும். நமக்கு நினைவுக்கு வர வேண்டியது தோட்டங்கள். இந்த நாட்டில் செம்பனை முதன்முதலாக வணிகப் பயிராக நடப்பட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். அந்த மண்ணில் உழைத்தவர்களின் முதுமையைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

தோட்ட மருத்துவம் எதற்காக வந்தது? 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் மலேரியா ஒழிப்பைத் தொடங்கினார். 1912-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தொழிலாளியின் மருத்துவத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. தோட்ட ஆஸ்பத்திரி வந்தது, டிரஸர் வந்தார். உயிர்கள் பிழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் காய்ச்சல் தீர்ந்து மறுநாள் பிரட்டுக்கு வரக்கூடிய ஆளுக்குத்தான் அந்த ஏற்பாடு. உழைத்து ஓய்ந்த கைக்கு அதில் இடம் குறைவு. லயத்து வீடும் வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்தால் வீடும் போகும்.

அந்தக் குறையை அன்று உறவு நிரப்பியது. பாட்டிக்கு மறதி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவார். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. பிள்ளைகள் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் அடுக்குமாடி வீடு தேடிப் போனார்கள். பெற்றோர் சிலர் முதியோர் இல்லங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். இல்லங்களைப் பதிவு செய்ய 1993-இல் பராமரிப்பு மையச் சட்டம் வந்தது. பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டலாம். நோயாளியின் முகத்தைப் படிக்க ஆள் வேண்டுமே!

இங்கேதான் இரண்டு நோய்கள் சேர்ந்து வரும் கொடுமை. புற்றுநோய் வலியைத் தருகிறது. முதுமை மறதி நோய் அந்த வலியைச் சொல்லும் வாயை அடைக்கிறது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியரிடையே அதிகம்; வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் முக்கியக் காரணம். பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டது. பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி சோற்றைத் துப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சாப்பிட மறந்துவிட்டார், அடம் பிடிக்கிறார்" என்பார்கள். வாயைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

மறதி முற்றும்போது பின்னால் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழி கடைசிவரை நிற்பது உண்டு. "எரியுது" என்று அவர் தமிழில் முனகினால், பராமரிப்பவருக்குப் புரிய வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. 2003-இல் அமெரிக்காவில் ஓர் எளிய அளவுகோல் வெளியானது. மூச்சு, முனகல், முகபாவம், உடல் அசைவு, தேற்றினால் அடங்குகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி இடுவது. நோயாளி ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. புற்றுநோய் வலிக்குப் படிப்படியாக மருந்து தந்து, தேவைப்பட்டால் மார்ஃபின் வரை போகும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1986-இலேயே வகுத்தது. 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறது. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பணி, பின்னர் மலப்புறத்தில் ஊர்மக்களே தொண்டர்களாகும் இயக்கமாக வளர்ந்தது. படிப்பு குறைந்தவர்களும் அதில் பயிற்சி பெற்றார்கள்.

நம் ஊர்களில் கோயில் உண்டு, தமிழ்ப்பள்ளி உண்டு, இளைஞர் மன்றம் உண்டு. வாரம் ஒரு நாள் பக்கத்து இல்லத்துக்குப் போய், தமிழில் பேசி, முகத்தைப் பார்த்து, கண்டதைத் தாதியிடம் சொல்ல இரண்டு பேர் போதும். பழம் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதை விட அது பெரிய உதவி.

அவர்கள் சிந்திய வியர்வைக்குத் தோட்டக் கணக்கில் பேர் இருந்தது. அவர்களின் வலிக்கும் ஒரு கணக்கு வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நாம்.